ஆறு ஐம்பத்திரண்டு

கத்தினாரா ஆஸ்பத்திரி மலைமேல் இருக்கிறது.
த்ரியெஸ்தே நகரத்தின் காற்று முதலில் அங்கே மோதிவிட்டுத்தான்
கடலுக்கு இறங்கும்.
பதினோராம் மாடிக் கட்டிலிலிருந்து
துல்லியோ தன் கார்டை நீட்டினான்.
"வச்சுக்கோ. காஸ் பில், வாடகை,
சமைக்க வரும் அந்த உக்ரேன்காரிக்குச் சம்பளம்.
எனக்கொரு செருப்பு. தரை ஜில்லென்கிறது."

எண்ணை மட்டும் காதோடு சொன்னான்.
பக்கத்துக் கட்டில்காரன் கேட்டுவிடுவானாம்.
பூஜ்யம், ஒன்பது, ஒன்று, ஒன்று.
நீவெஸ் சிரித்துவிட்டாள்.
அறுபத்தெட்டு வருஷத்தில்
ஒரு நவம்பர் ஒன்பதிலும் வாய் திறந்து வாழ்த்தாத அண்ணன்
தங்கை பிறந்த நாளைத்தான்
பூட்டாகப் போட்டு வைத்திருந்தான்.

ரசீதுகளை ஒரு காபி டப்பாவில் சேர்த்தாள்.
உக்ரேன்காரி ரசீது தருவதில்லை.
செருப்பு வாங்கியது சந்தையில்;
அங்கேயும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை போரா வீசியது.
குப்பைத் தொட்டிகள் தெருவில் தாமாக நடந்தன.
தலையில் துணியைக் கட்டி, மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு
மெஷின் முன்னால் நின்றாள்.
இருநூற்றைம்பது யூரோ.
போன் பைக்கு அடியில், கம்பளிக் கையுறைக்குள்
அடித்து அடித்து ஓய்ந்திருந்தது.

துல்லியோ போனது ஆறு பத்துக்கு.
பணம் வந்தது ஆறு ஐம்பத்திரண்டுக்கு.
இரண்டையும் அந்த ஊரில்
நிமிஷம் பிசகாமல் எழுதி வைத்துவிடுகிறார்கள்.

தோரினோவிலிருந்து மகன் வந்தான், ஃபுல்வியோ.
ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை வந்தவன்,
வங்கிக்கு மூன்று முறை.
"செத்த மனுஷன் எப்படி அத்தை
எழுந்து வந்து பணம் எடுத்தார்?"
அத்தை என்ற சொல்லில் ஒரு குறையும் இல்லை.
அதுதான் குளிர்ந்தது.

கேமரா படத்தை எடுத்துப் போட்டார்கள்.
காற்றுக்கு மூடிய முகம்
காகிதத்தில் ஒளிக்கிற முகமாக இருந்தது.
நீவெஸே ஒரு நொடி
யாரிந்தத் திருடி என்று பார்த்தாள்.

"எண் எப்படித் தெரியும்?"
"அவன்தான் சொன்னான். என் பிறந்த நாள் அது."
ஃபுல்வியோ மெதுவாகக் குறித்துக்கொண்டான்.
அந்த ஒரே வாழ்த்து
அப்படித்தான் வக்கீல் கைக்குப் போனது:
நோயாளியின் ரகசிய எண்ணைத் தன் பிறந்த நாளாக
மாற்ற வைத்தவர்.

வங்கிப் பெண் நல்லவள். தண்ணீர் கொடுத்தாள்.
"கார்டு ஒருவருக்குத்தான், சிஞ்ஞோரா.
தங்கை, மகன், மனைவி என்று
ஒப்பந்தத்தில் யாருமே கிடையாது.
ஒரு அதிகாரப் பத்திரம் எழுதியிருக்கலாம்.
ஒரு தாள், ஒரு கையெழுத்து, பத்து நிமிஷம்.
அவர் இருந்தபோது."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு.
நாம் ஒரு மூச்சில் சொல்லிவிடுவதை
அவர்கள் பதினான்கு பக்கம், பொடி எழுத்தில்.
துல்லியோ அதில் கையெழுத்துப் போட்டிருந்தான்,
படிக்காமல். எல்லாரையும் போல.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.
அந்த இருநூற்றைம்பதை மட்டுமல்ல,
ரசீதில்லாத ஒவ்வொன்றையும்.
டப்பாவைக் கவிழ்த்துக் கணக்குப் பார்த்தபோது
செருப்பு எட்டு யூரோ என்று அவள் சொன்னதை
ஃபுல்வியோ பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டான்.
செருப்பையும் கேட்டான்.
ஒருநாள்கூடக் காலில் ஏறாதது.

வசந்தம் வந்து காற்று அடங்கிய ஒரு காலையில்
ரொட்டிக்குக் காசில்லாமல் அதே மெஷினுக்குப் போனாள்.
இந்த முறை அவளுடைய கார்டு.
விரல் யோசிக்கவில்லை:
பூஜ்யம், ஒன்பது, ஒன்று, ஒன்று.

தவறான எண், என்றது திரை.
இன்னும் இரண்டு வாய்ப்புகள் உள்ளன.

பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார்.
தன் எண்ணை நினைத்துப் பார்த்தாள்.
அண்ணன் பிறந்த நாள் அல்ல அது.
வங்கி தபாலில் அனுப்பிய
ஏதோ நாலு இலக்கம்.